வாய் கட்டிய பர்னர்

உங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி "உடம்பு முடியலை" என்று சொன்னால், எத்தனையாவது தடவை சொல்லும்போது அவளை நம்புவீர்கள்?

முதல் தடவையே நம்புவேன் என்று சொல்ல வாய் திறப்பவர்கள் சற்றுப் பொறுங்கள். நான் சொல்லப்போகிற பெண்ணைச் சுற்றி இருந்தவர்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள். கணவர் நல்லவர். கூட வேலை பார்த்தவர்கள் நல்லவர்கள். மருத்துவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. இத்தனை நல்லவர்களும் சேர்ந்துதான் அவருடைய சிறுநீரகங்களைக் கெடுத்தார்கள்.

அவர் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் மாவு மேஸ்திரி. தொட்டியில் புரளும் மாவுக்கு எப்போது தண்ணீர் போதும், எப்போது எந்திரத்தை நிறுத்தலாம், எப்போது அச்சுப் பெட்டிகளில் இறக்கலாம், எப்போது அடுப்புக்கு அனுப்பலாம் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வரவேண்டும். பொட்டலம் கட்டும் பிரிவில் சேர்ந்தவர், பக்கத்து மேசையைப் பார்த்துப் பார்த்தே பதம் பிடித்துக்கொண்டார். பொம்பளைக்கு மேஸ்திரி வேலையா என்று ஆரம்பத்தில் முணுமுணுத்தவர்களின் வாயை ரொட்டியே அடைத்தது. ஒரு விரலால் மாவை லேசாக அழுத்துவார். குழி மெதுவாக மேலே எழும்பி வந்தால் சரி. துள்ளி வந்தால் இன்னும் நேரம் ஆகவேண்டும். எழும்பாமலே கிடந்தால் காரியம் கெட்டது. அந்த ஒரு விரலை நம்பித்தான் மொத்தத் தொழிற்சாலையும் ஓடியது.

அந்த விரல்தான் முதலில் மக்கர் பண்ணியது. காலையில் எழுந்தால் கை மூடாது. கோப்பையைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். பத்து மணிக்கு மேல் கொஞ்சம் இளகும். பிறகு வாய்க்குள் புண். சீவினால் சீப்போடு வரும் முடி. காரணமே இல்லாத காய்ச்சல். அடித்துப் போட்டாற்போல ஓர் அசதி. கூடவே இரண்டு கன்னத்திலும் சிவப்பு.

சிவப்பைப் பற்றி அங்கே யாரும் கவலைப்படவில்லை. ரொட்டிக்காரர்களுக்கு முகம் சிவப்பது ஒரு விஷயமா? அடுப்பு வாயைத் திறந்து மூடுகிறவர்கள் எல்லாருக்கும் கன்னம் கனிந்துதான் இருக்கும். அதற்கு அவர்களிடம் ஒரு கைவைத்தியம் உண்டு. கொஞ்சம் மாவைக் குளிர்ந்த தண்ணீரில் குழைத்துக் கன்னத்தில் பற்றுப் போடுவது. காய்ந்து உதிரும்வரை அப்படியே வேலை பார்ப்பார்கள். பற்றுப் போட்ட முகம்தான் அங்கே உழைப்பாளி முகம். மேஸ்திரியும் பற்றுப் போட்டுக்கொண்டார். அவர் வேலை அடுப்படியில் இல்லை, குளுகுளு என்றிருக்கும் மாவு மேசையில்தான் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. அவருக்கே உறைக்கவில்லை. அடுப்பே படாத முகத்துக்கு அடுப்புச் சூட்டுக்கான மருந்து.

அந்தப் பற்றோடுதான் மருத்துவர்களிடம் போனார். வேலை முடிந்து நேரே போனால் அப்படித்தான் போகமுடியும். ஒருவர் மாவு ஒவ்வாமை என்றார். இன்னொருவர் சத்து மாத்திரை எழுதினார். மூன்றாமவர் மேசைமேல் கையைக் கோத்து வைத்துக்கொண்டு, குரலைத் தணித்துக் கேட்டார்.

"வீட்டுல ஏதாவது பிரச்சினையாம்மா? வீட்டுக்காரர் எப்படி?"

"அவர் டயர் கடை வச்சிருக்கார். விரல் மடங்காததுக்கும் அவருக்கும் என்னங்க?"

"மனசுல இருக்கிறது சில சமயம் உடம்புல வரும்மா. நல்லாத் தூங்குங்க, சரியாயிடும்."

தூக்க மாத்திரையோடு வீட்டுக்கு வந்தார். டயர் கடைக்காரர் மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, உண்மையான அக்கறையோடு சொன்னார்: "அதான் டாக்டரே சொல்லிட்டாரே. நீ மனசைத் திடமா வச்சுக்க. எதையும் ரொம்ப யோசிக்காதே."

"யோசிக்கலைங்க. வலிக்குது."

"வலியை நினைச்சா வலிக்கத்தான் செய்யும்."

இப்படியே ஆறு வருடம் போயிற்று. தொழிற்சாலையில் அவருடைய நோய்க்குப் பெயர்கூட வைத்தாகிவிட்டது. 'திங்கள்கிழமைக் காய்ச்சல்'. பெயர் வைத்தவன் மாவு லாரி ஓட்டுநர். ஆறடிக்கு மேல் ஓங்கி வளர்ந்து, எந்த வாசலிலும் குனிந்தே நுழைகிறவன். அதனால் அவனுக்கு 'ஒட்டகம்' என்று பெயர். மூட்டை இறக்கக் காத்திருக்கும் நேரமெல்லாம் அவனுக்கு மேஸ்திரி அக்காவைச் சீண்டுவதுதான் பொழுதுபோக்கு.

"அக்கா, இன்னிக்கு எந்த விரலு லீவு?"

"உன் நாக்குக்கு லீவு விடுற அன்னிக்கு என் விரலும் வேலைக்கு வரும், போடா."

அப்படிப்பட்ட ஒட்டகம் ஒரு நாள் லாரியை விட்டு இறங்க முடியாமல் உட்கார்ந்திருந்தான். முழங்கால் இரண்டும் வீங்கி, காய்ச்சல் கொதித்தது. கன்னமெல்லாம் சிவப்பு. இந்த இடத்தைக் கவனித்துப் படியுங்கள். அவனிடம் யாரும் வீட்டில் பிரச்சினையா என்று கேட்கவில்லை. வலியை நினைக்காதே என்று சொல்லவில்லை. மேனேஜர் பதறிப்போய்த் தன்னுடைய காரையே கொடுத்தார். "பாறை மாதிரி இருந்த ஆளு, சும்மா இப்படி விழ மாட்டான்" என்றார். பெரிய மருத்துவமனை, ரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை, மூட்டு மருத்துவர். அந்த மாதம் முடிவதற்குள் நோயின் பெயர் கிடைத்துவிட்டது. லூபஸ். உடம்பைக் காக்கவேண்டிய காவற்படையே உடம்பைத் தாக்குகிற நோய்.

மாத்திரைகளோடு திரும்பி வந்த ஒட்டகம், மாவு மேசைப் பக்கம் எதையோ கேட்க வந்தவன், அப்படியே நின்றுவிட்டான். மேஸ்திரி அப்போதுதான் முகம் கழுவிவிட்டு நிமிர்ந்திருந்தார். பற்று இல்லை.

"அக்கா, கொஞ்சம் இப்படி வெளிச்சத்துல வாங்க."

"என்னடா, பொண்ணு பாக்கிறியா?"

"விளையாடலைக்கா. மூக்குக்கு ரெண்டு பக்கமும் சிவப்பு, றெக்கை விரிச்ச மாதிரி. எனக்கு வந்ததும் இப்படித்தான் இருந்துச்சு. டாக்டர் மொதல்ல இதைத்தான் பாத்தாங்க." அவன் குரல் தணிந்தது. "காலையில விரலு மடங்காதே உங்களுக்கு?"

"ஆறு வருஷமா நீதானே அதுக்கு லீவு லெட்டர் எழுதிட்டிருந்தே."

மறுநாளே ஒட்டகம் அவரை லாரியில் ஏற்றிக்கொண்டு தன்னுடைய மருத்துவரிடம் போய்விட்டான்.

அந்தப் பெண் மருத்துவர் முகத்தைப் பார்த்தார், விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார், ரத்தமும் சிறுநீரும் எடுத்தார். முடிவு வந்த அன்று மருத்துவரின் முகம் இறுகியிருந்தது. நோய் அதேதான். ஆனால் ஒட்டகத்துக்கு மூட்டோடு நின்றிருந்தது, இவருக்குச் சிறுநீரகம்வரை போயிருந்தது. உடம்புக்குள் தங்கவேண்டிய புரதம் சிறுநீரில் கசிந்துகொண்டிருந்தது.

"இதுக்கு முன்னாடி யாருமே யூரின் டெஸ்ட் எடுக்கலையா?"

"கல்யாணத்துல சந்தோஷமா இருக்கேனான்னுதான் டெஸ்ட் எடுத்தாங்க."

மருத்துவர் சிரிக்கவில்லை. மேஸ்திரிக்கு அப்போது ஒரு முகம் நினைவுக்கு வந்தது. அவருடைய சித்தி. எப்போதும் படுத்தே கிடப்பவள், சோம்பேறி என்று குடும்பமே கேலி பேசிய சித்தி, கால் வீங்கி, முகம் வீங்கி, நாற்பது வயதுக்குள் போய்ச் சேர்ந்தாள். சித்திக்கும் இதே நோய்தானா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. கேட்டுப் பார்க்கக்கூட யாரும் மெனக்கெடவில்லை என்பதை மட்டும் சொல்லலாம்.

"ஏன் டாக்டர், இது பொம்பளைங்களுக்குத்தான் வருமா? வெளிய உக்காந்திருக்கிற எல்லாரும் பொம்பளைங்க. இந்த ஒட்டகம் ஒண்ணுதான் ஆம்பளை."

"பத்துப் பேருக்கு வந்தா ஒன்பது பேர் பெண்கள். அதுக்கு ஒரு பெரிய காரணம் மரபணுவுல இருக்கு," என்று மருத்துவர் காகிதத்தை இழுத்து வைத்துக்கொண்டார்.

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். நம் ஒவ்வொரு செல்லிலும் மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்கள் என்ற சுருள்கள் உண்டு. ஆணுக்கு ஓர் எக்ஸ், ஓர் ஒய். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. காவற்படையை நடத்தும் மரபணுக்கள் பலவும் எக்ஸில்தான் இருக்கின்றன. இரண்டும் ஒரே சமயத்தில் வேலை செய்தால் எல்லாம் இரட்டிப்பாகிவிடும். ஆகவே பெண் குழந்தை கருவில் சின்னஞ்சிறு உருண்டையாக இருக்கும்போதே, ஒவ்வொரு செல்லும் ஓர் எக்ஸை மூடிவிடுகிறது. எதை மூடுவது என்பதற்குக் கணக்கு எதுவும் இல்லை. ஒரு செல் அம்மா கொடுத்ததை மூடும், பக்கத்துச் செல் அப்பா கொடுத்ததை மூடும். மூடியது மூடியதுதான். அந்தச் செல்லின் வாரிசுகள் எல்லாம் அதையே பின்பற்றும்.

மேஸ்திரி குறுக்கிட்டார். "எங்க அடுப்பு மாதிரியா?"

அவர்கள் தொழிற்சாலையில் ஒவ்வோர் அடுப்பிலும் இரண்டு பர்னர்கள். ஒன்று பழைய கம்பெனியுடையது, ஒன்று புதியது. இரண்டும் எரிந்தால் ரொட்டி கரியாகும். அதனால் பொருத்த வந்த ஆள் ஒவ்வோர் அடுப்பிலும் கைக்கு முதலில் எட்டிய ஒன்றைக் கம்பியால் சுற்றி, களிமண் பூசி அடைத்துவிட்டுப் போனார். சிலவற்றில் பழையது எரியும், சிலவற்றில் புதியது. அடைத்ததற்கு அங்கே 'வாய் கட்டிய பர்னர்' என்று பெயர்.

"ஏறக்குறைய அதேதான்," என்றார் மருத்துவர். "வாய் கட்டின பர்னர் முழுசா அணைஞ்சிருக்குமா?"

"எங்க. நாலாம் நம்பர் அடுப்புல ஓரமா நீலமா எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும். அதுல வச்ச ரொட்டி சீக்கிரம் சிவந்துடும்."

"எக்ஸும் அப்படித்தான். மூடின எக்ஸ்லயும் சில மரபணு அடங்காது, கசியும். அதுல ஒண்ணு, ஆபத்துன்னு படைக்கு மணி அடிக்கிற மரபணு. சில செல்லுல அது ரெண்டு மடங்கா அடிக்கும். இன்னொண்ணும் இருக்கு. எக்ஸை மூடுறதுக்கு அதைச் சுத்தி ஒரு நீளமான ஆர்.என்.ஏ. இழை சுத்திக்கும். உங்க கம்பி மாதிரி. அந்த இழையில ஏகப்பட்ட புரதம் ஒட்டியிருக்கும், களிமண் மாதிரி. சாதாரணமா ஆண் உடம்புல இந்தக் கட்டே கிடையாது. செல் செத்து உடையும்போது இந்தக் கட்டு வெளிய வருது. சில பேர் உடம்புல, காவல்காரங்க அதைப் பாத்துட்டு யாரோ அந்நியன்னு அடிக்க ஆரம்பிச்சிடுறாங்க. ஆண் எலிக்கு இந்த இழையைச் செயற்கையா உண்டாக்கிப் பாத்தாங்க. ஏற்கெனவே நோய்க்கு வாகான எலிகள், பெண் எலி அளவுக்கு நோய்ப்பட்டுச்சு."

"அப்ப பொம்பளை உடம்பு பலவீனம்னு சொல்றது?"

"பொய். பல கிருமிகளை உங்க படை ஆண்களோடதைவிட வேகமா அடிக்கும். அந்த வேகத்துக்குக் கொடுக்கிற விலை இது. அடுப்பு உதாரணத்தையும் ரொம்ப நம்பாதீங்க. எல்லாப் பெண்ணுக்கும் இந்தக் கட்டு இருக்கு, எல்லாருக்கும் நோய் வர்றதில்லை. வேற மரபணு, ஹார்மோன், வெயில், கிருமி எல்லாம் சேரணும்."

"அதெல்லாம் சரி. இவன் எப்படி இதுல வந்தான்?" மேஸ்திரி ஒட்டகத்தைக் காட்டினார்.

மருத்துவர் ஒட்டகத்தைப் பார்த்தார். ஒட்டகம் தரையைப் பார்த்தான்.

திரும்பும் வழியில், லாரியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத்தான் சொன்னான். "எனக்கு ரெண்டு எக்ஸ்க்கா. ஒரு ஒய்யும் இருக்கு. பொறந்ததுலேருந்தே அப்படியாம். அதனாலதான் இந்த உயரம், அதனாலதான் பிள்ளை இல்லை. எங்க வீட்டுல பிள்ளை இல்லைன்னு என் பொண்டாட்டியைத்தான் அத்தனை வருஷம் டெஸ்டுக்கு அனுப்பினோம்." ஸ்டியரிங்கைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. லோடு ஏத்துற பசங்க என்னை வச்சு செஞ்சிடுவானுங்க."

"சொல்ல மாட்டேன். வண்டியை எடு."

கொஞ்ச தூரம் போனபிறகு அவரே மறுபடி பேசினார். "உனக்கும் ரெண்டு எக்ஸ், எனக்கும் ரெண்டு எக்ஸ். உனக்கும் அதே நோய். உனக்கு ஒரே மாசத்துல பேரு தெரிஞ்சது. எனக்கு ஆறு வருஷம். அதுக்கு எந்த மரபணுடா காரணம்?"

இந்தக் கேள்வியைத்தான் நான் வெகுகாலமாகச் சுமந்து திரிகிறேன். நோயை இயற்கை கொடுத்தது. அதன்மீது எனக்குக் கோபமில்லை, அதற்கு மூளை கிடையாது. ஆறு வருடத்தைக் கொடுத்தது மூளை உள்ளவர்கள்.

சிகிச்சை தொடங்கியது. கடுமையான மருந்துகள். முகம் ஊதியது, மேஸ்திரி வேலையை விடவில்லை. அப்போதுதான் மேனேஜர் மாவு மேசைக்கு வந்தார், கையில் ஒரு கடிதத்தோடு. கம்பெனி மருத்துவரின் கருத்துப்படி மேஸ்திரி வேலைக்குத் தகுதியற்றவர், மாதக் கடைசியோடு நின்றுகொள்ளலாம்.

மேஸ்திரி மாவில் விரல் வைத்திருந்தார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "இந்தத் தொட்டி இறங்கட்டும் சார். மாவு காத்துக்கிட்டு நிக்காது, நீங்க நிக்கலாம்."

மேனேஜர் நின்றார். மாவு அச்சுப் பெட்டிகளுக்குப் போனபிறகுதான் மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கினார். மாவு லாரியோடு வந்திருந்த ஒட்டகமும், லோடு ஏற்றுகிறவர்களும், அடுப்புக்காரரும் சும்மா இருப்பதுபோல் பாவனை செய்துகொண்டு காதைத் தீட்டினார்கள்.

"உங்க நல்லதுக்குத்தாம்மா. வீட்டுல ரெஸ்ட் எடுங்க."

"ஒட்டகத்துக்கும் இதே நோய்தானே சார். அவனுக்கு என்ன கொடுத்தீங்க?"

"அது... மூட்டை தூக்க வேண்டாம், வண்டி மட்டும் ஓட்டட்டும்னு."

"எனக்கும் அதையே கொடுங்க. கூட ஒண்ணும் வேண்டாம். காலையில விரல் மடங்காது, ரெண்டு மணி நேரம் தள்ளி வர்றேன். பிசையறதை இவங்க பாப்பாங்க, பதம் நான் பாக்கிறேன்."

"அவன் கேஸ் வேறம்மா. ஆம்பளைக்கு வர்றது அபூர்வம். பொம்பளைங்களுக்கு இதெல்லாம் சகஜம்னு டாக்டரே சொல்றார்."

"சகஜம்னா என்னைத்தானே சார் முதல்ல டெஸ்ட் பண்ணியிருக்கணும்? அடிக்கடி கெடுற அடுப்பைத்தானே காலையில முதல்ல திறந்து பாக்கிறோம். எங்களுக்குத்தான் அதிகமா வரும்னு தெரிஞ்சுக்கிட்டே, எங்களுக்கு வந்தா மட்டும் மனசுங்கிறீங்க. இது எந்த ஊர் நியாயம்?"

மேனேஜர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். "உங்க உடம்பு வாகு அப்படி. அதுக்குக் கம்பெனி என்ன பண்ணும்?"

"அப்ப என் உடம்பு வாகும் அதுதான் சார்."

பேசியவன் ஒட்டகம். மூட்டைகளுக்கு நடுவிலிருந்து வந்து நின்றான். காது மடல்வரை சிவந்திருந்தது. "அவங்களுக்கு இருக்கிற ரெண்டு எக்ஸ் எனக்கும் இருக்கு. கூட ஒரு ஒய். டாக்டர் டெஸ்ட் பண்ணிச் சொல்லிட்டாங்க. அந்த ரெண்டாவது எக்ஸ்தான் பெரும்பாலும் இதுக்குக் காரணமாம். அக்கா தகுதியில்லைன்னா நானும் தகுதியில்லை. எனக்கும் ஒரு லெட்டர் அடிங்க."

லோடு ஏற்றுகிற ஒருவன் சிரிக்க ஆரம்பித்தான். "அடேய் ஒட்டகம், அப்ப நீ..."

"ஆம்பளைதாண்டா. நீ ஒரு எக்ஸை வச்சுக்கிட்டு ஒரு மூட்டை தூக்குறதுக்குள்ள நான் ரெண்டு தூக்கினவன். மேல பேசு."

சிரித்தவன் மூட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டான். மேஸ்திரி ஒட்டகத்தைப் பார்த்த பார்வையில் ஆறு வருடத்து 'திங்கள்கிழமைக் காய்ச்சல்' கொஞ்சம் கழிந்தது. முழுவதும் கழிந்துவிடவில்லை, அதை அவரே என்னிடம் சொன்னார்.

அடுப்புக்காரர் தொண்டையைக் கனைத்தார். "மேஸ்திரி போயிட்டா மாவு யார் பாக்கிறது சார்? நீங்களா? போன வருஷம் அவங்க லீவுல இருந்தப்ப நீங்க பதம் பாத்த ரொட்டியை வச்சு இன்னும் கதவு ஆடாம முட்டுக் கொடுத்திருக்கோம்."

சிரிப்பு கூரையைத் தொட்டது. கலவை எந்திரத்துக்காரர் எந்திரத்தை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். பொட்டலப் பிரிவுப் பெண்களும் எழுந்து வந்து நின்றார்கள். அடுத்த தொட்டியில் மாவு ஏறிக்கொண்டிருந்தது, விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்த்தது. மேஸ்திரி அசையவில்லை. மேனேஜர் மாவைப் பார்த்தார், மேஸ்திரியைப் பார்த்தார், கடிதத்தைத் திரும்ப வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"சரி. ரெண்டு மணி நேரம் தள்ளி வாங்க. இப்ப அந்தத் தொட்டியைப் பாருங்க."

அவர் இன்றும் அங்கேதான் வேலை பார்க்கிறார். நோய் போய்விடவில்லை, அடங்கியிருக்கிறது. புரதம் கசிவது பெருமளவு நின்றிருக்கிறது. சிறுநீரகத்தில் தழும்பான பகுதி தழும்புதான், அது திரும்பாது. நன்றி சொல்லி முடிகிற கதையாக இதை எழுதிவிடாதே என்று என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார். டயர் கடைக்காரர் இப்போது யாரும் சொல்லாமலே மாத்திரை நேரத்தை நினைவுபடுத்துகிறார். "வலியை நினைக்காதே" என்ற வாக்கியத்துக்கு வீட்டுக்குள் அனுமதி இல்லை.

தொழிற்சாலையில் அவர் மாற்றியது ஒன்றுதான். எந்தப் பெண்ணாவது, எந்த ஆணாவது கன்னத்தில் மாவுப் பற்றோடு வந்து நின்றால், கையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப் போகிறார். "முதல்ல கழுவு. அடுப்பா வேற எதுவான்னு பாத்துட்டு அப்புறம் பூசு."

நாமும் பற்றுப் பூசுகிறவர்கள்தான். மனசு, வயசு, கவலை, பிள்ளை பெற்ற உடம்பு, சோம்பல் என்று குழைத்துப் பெண்களின் வலிமேல் அப்பிவிட்டு, காய்ந்து உதிரட்டும் என்று காத்திருக்கிறோம். ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு உங்கள் பதில் என்னவாக இருந்தாலும் பரவாயில்லை. இன்று வீட்டுக்குப் போய், காலையில் விரல் மடங்கவில்லை என்றோ, அசதி தீரவில்லை என்றோ உங்களிடம் எப்போதோ சொல்லி நீங்கள் மறந்துபோன அந்தப் பெண்ணிடம், இப்போதும் அப்படி இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் உடன் போங்கள். ரத்தத்தையும் சிறுநீரையும் பார்க்கச் சொல்லுங்கள். மனசுதான் என்று மருத்துவர் எழுந்துகொண்டால் நீங்கள் எழுந்துகொள்ளாதீர்கள், எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருங்கள்.